முன்னால் தள்ளிய பலகை பின்னால் பறப்பது ஏன்?

மரம் அறுக்கும் தொழிலில் பல காலம் இருந்த ஒருவரின் கையைப் பார்த்தால் சில சமயம் ஆட்காட்டி விரலில் ஒரு கணு இருக்காது. இல்லாவிட்டால் கட்டைவிரல் பாதியில் நின்றிருக்கும். கேட்டால் "மெஷின் எடுத்துக்கிச்சு" என்று முடித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர், "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ணே" என்பார். பேச்சு அத்தோடு வேறு பக்கம் திரும்பிவிடும்.

கவனக்குறைவு என்ற அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதுதான் காரணம் என்றால் நேற்றுச் சேர்ந்த பையனுக்குத்தான் விரல் போக வேண்டும். இருபது வருஷம் அதே மெஷினில் நின்று, மரத்தின் சத்தத்தை வைத்தே உள்ளே கணு இருக்கிறதா என்று சொல்லக்கூடியவருக்கு ஏன் போகிறது?

இன்னொரு புதிரும் உண்டு. ரம்பத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்த பலகை, திடீரென்று தள்ளியவரின் வயிற்றிலேயே வந்து இடிக்கிறது. சுவரில் போய்க் குத்தி நின்ற சட்டங்களும் உண்டு. முன்னால் தள்ளிய பொருள் எப்படிப் பின்னால் வரும்? இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை தெரிந்துவிடும்.

பல்லின் வேகம், கையின் வேகம்

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மேசையில் பொருத்திய வட்ட ரம்பம். மில்களில் 'சர்க்குலர்' என்பார்கள். விட்டம் 24 அங்குலம், அதாவது 61 செ.மீ. நிமிடத்துக்கு 1,500 சுற்று. விளிம்பில் 60 பல்.

விளிம்பைச் சுற்றி நூல் வைத்து அளந்தால் ஏறத்தாழ 1.9 மீட்டர் வரும். வினாடிக்கு 25 சுற்று என்பதால், ஒரு பல் ஒரு வினாடியில் 48 மீட்டர் போகிறது. மணிக்கு என்று சொன்னால் 170 கி.மீ.க்கும் மேல். கிரிக்கெட்டில் பந்துவீச்சு 160 கி.மீ.யைத் தொட்டால் அது சாதனைச் செய்தி. இந்த இரும்புப் பல் காலையில் சுவிட்சைப் போட்டதிலிருந்து அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வினாடியில் 1,500 பற்கள் ஒரே இடத்தைக் கடந்து போகின்றன.

இனி அதன் முன்னால் நிற்கும் மனிதர். ஏதோ தவறு என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கைக்கு உத்தரவு போய், கை அசையத் தொடங்க ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். நல்ல உடல்நலமும் முழுக் கவனமும் உள்ளவருக்கே இந்தக் கணக்கு. பயிற்சியால் இதை ஓரளவு குறைக்கலாம், பாதியாக்க முடியாது. அந்த 0.2 வினாடியில் ரம்பம் ஐந்து சுற்றுச் சுற்றிவிடும். 300 பற்கள் கடந்துவிடும்.

கையும் அப்போது சும்மா இருப்பதில்லை. வழுக்கியோ தடுமாறியோ முன்னால் போகும் கை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிதானமாக நடப்பதைவிட அது குறைந்த வேகம்தான். 0.2 வினாடியில் அந்தக் கை 20 செ.மீ. போயிருக்கும். அதாவது ரம்பத்திலிருந்து 20 செ.மீ.க்குள் கை இருக்கும்போது ஏதாவது நடந்தால், அதை உணர்ந்து கையை இழுப்பதற்கு நேரமே கிடையாது. அந்த இடைவெளிக்குள் கவனத்துக்கு வேலை இல்லை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உடலால் முடியாத காரியத்தை அவரிடம் எதிர்பார்க்கிறோம்.

இருபது வருஷ அனுபவசாலியின் புதிருக்கும் இங்கே விடை இருக்கிறது. ஒருவர் நாளைக்கு 200 பலகை தள்ளுகிறார், வருஷத்துக்கு 280 நாள் வேலை என்று கொள்வோம். இருபது வருஷத்தில் 11 லட்சம் முறை அவர் கை ரம்பத்தின் பக்கம் போய் வந்திருக்கிறது. லட்சத்தில் ஒரு முறைதான் ஏதோ தவறுகிறது என்று வைத்தால்கூட, பதினோரு முறை தவறியிருக்க வேண்டும். அவரிடம் விரல்கள் மிச்சம் இருப்பதே அவருடைய திறமைக்குச் சாட்சி.

மரத்துக்குள் பூட்டிய இறுக்கம்

தவறுவது எது? பெரும்பாலும் மரம்தான்.

வெட்டிப்போட்ட தடி அசையாமல் கிடப்பதால் அதற்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம். உயிரோடு நின்ற காலத்தில் மரம் ஒவ்வொரு வருஷமும் வெளிப்புறத்தில் புதுக் கட்டை சேர்த்துக்கொண்டே வந்தது. புதிதாகச் சேரும் படலம் முற்றும்போது நீளவாக்கில் சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் பழைய கட்டை அதைச் சுருங்க விடாது. அதனால் வெளிக்கட்டை எப்போதும் இழுபட்ட நிலையிலும், நடுக்கட்டை எப்போதும் அமுங்கிய நிலையிலும் இருக்கின்றன. காற்றில் மரம் ஒடியாமல் வளைந்து கொடுக்க இது உதவுகிறது. இதை வளர்ச்சி இறுக்கம் என்று சொல்லலாம். யூகலிப்டஸ் மரத்தில் இது மிக அதிகம். வெட்டிய கொஞ்ச நேரத்திலேயே தடியின் முனை நட்சத்திர வடிவில் வெடித்துவிடுவதை மரவாடிகளில் பார்க்கலாம்.

ரம்பம் ஓடும்போது இழுபட்ட கட்டைக்கும் அமுங்கிய கட்டைக்கும் நடுவே இருந்த பிணைப்பு அறுகிறது. பிரிந்த ஓரச் சட்டம் வில்லாக வெளிப்பக்கம் வளைகிறது. சூளையில் அவசரமாக உலர்த்திய மரம் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும்: அறுத்த பிளவை மூடிக்கொண்டு உள்பக்கம் வளையும். சாய்ந்து வளர்ந்த மரம், கிளை பிரிந்த இடத்துக் கட்டை, முறுக்கிய நார் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. எது எப்படித் திரும்பும் என்று வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல ஆளில்லை.

ஒரு சட்டத்தின் பயணம்

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். ஐந்தடி நீளம், இரண்டங்குலக் கனமுள்ள பலகை. அதன் ஓரத்திலிருந்து இரண்டங்குலச் சட்டம் ஒன்றை நீளவாக்கில் அறுக்கிறார்கள். ரம்பத்துக்கு இணையாக வலப்பக்கம் 'கைடு' என்ற இரும்புத் தடுப்பு நிற்கிறது. பலகையை அதில் அணைத்துத் தள்ள வேண்டும்.

ரம்பம் சுழலும் திசையைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தள்ளுபவருக்கு எதிரே இருக்கும் முன்பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு அழுத்துவதால் அறுப்பு ஒழுங்காக நடக்கிறது. மேசைக்கு அடியில் போன பற்கள், ரம்பத்தின் பின்பக்கத்தில் மேலே ஏறி வருகின்றன. ஏறி உச்சிக்கு வந்ததும் தள்ளுபவரை நோக்கிப் பாய்கின்றன. முன்பக்கம் வேலை செய்யும் பல், பின்பக்கம் வந்தால் ஆபத்து. நல்ல அறுப்பில் இந்தப் பின்பற்கள் மரத்தைத் தொடுவதே இல்லை. ஏற்கனவே அறுபட்ட பிளவுக்குள் அவை காற்றில்தான் ஓடுகின்றன.

மூன்றடி அறுபட்டுவிட்டது. பிரிந்த சட்டம் வெளிப்பக்கம் வளையத் தொடங்குகிறது. அங்கே கைடு நிற்கிறது; வளைய இடமில்லை. கைடில் முட்டிய சட்டம் எதிர்ப்பக்கமாக நெம்பி ரம்பத்தின் பின்பற்களில் போய் அழுந்துகிறது. பிளவை மூடும் மரமாக இருந்தால் கைடுகூட வேண்டாம், இரண்டு பக்கமும் சேர்ந்து ரம்பத்தைக் கவ்விவிடும். எப்படியானாலும் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பல் மரத்தைக் கடித்துவிட்டது. கடித்த மரத்தைத் தூக்கி, உச்சிக்குக் கொண்டுபோய், தன் போக்கில் தள்ளுபவரை நோக்கி எறிகிறது. வந்த வழியே மரம் இப்படித் திரும்பிப் பாய்வதைப் பின்னுதைப்பு என்போம்.

அந்தச் சட்டத்தின் எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பல்லின் வேகத்தில் கால்வாசிதான் அதற்குக் கிடைத்தது என்று வைத்தாலும் வினாடிக்கு 12 மீட்டர். ரம்பத்திலிருந்து வயிறு ஒரு மீட்டர் தூரம். சட்டம் வந்து சேர 0.08 வினாடி போதும். கண் ஒருமுறை இமைக்கவே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். விலகிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மரம் பாயும் கோட்டில் முதலிலேயே நிற்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

கை ஏன் ரம்பத்திடம் போகிறது?

பலகை பறப்பதால் வயிற்றில் அடி படும், சரி. விரல் எப்படிப் போகிறது?

தள்ளும்போது உடலின் எடையைக் கொஞ்சம் பலகைமேல் சாய்த்துத்தான் நிற்கிறோம். மரம் எதிர்ப்பதால் விழாமல் இருக்கிறோம். பின்னுதைப்பில் அந்தப் பலகை கைக்கு அடியிலிருந்து நழுவுகிறது. தாங்கிக்கொண்டிருந்தது போனதும் உடல் முன்னால் சாய்கிறது, கை முதலில் போகிறது. அங்கே இப்போது மரம் மூடாத ரம்பம் இருக்கிறது.

இன்னொரு கை அதைவிட மோசமான இடத்தில் இருக்கக்கூடும். அறுபட்டு வெளியே வரும் பலகையை ரம்பத்துக்கு அப்பால் எட்டிப் பிடித்து வழிநடத்துவது பலருக்குப் பழக்கம். பலகை பின்னால் பாயும்போது அதைப் பிடித்திருக்கும் கையையும் ரம்பத்தின் வழியாகவே இழுத்து வரும். திடுக்கிட்டால் மனிதக் கை விரியாது; இறுகப் பிடிக்கும். காப்பாற்ற வேண்டிய அனிச்சையே இங்கே காலை வாரிவிடுகிறது.

ஓரம் வெட்டும் மெஷின்

பெரிய தடியைப் பேண்ட் சா என்ற நாடா ரம்பத்தில் பலகையாகப் பிளந்தால் இரண்டு ஓரமும் பட்டையோடு கோணலாக இருக்கும். அந்த ஓரங்களை ஒரே ஓட்டத்தில் நேராக்கும் மெஷினை ஓரவெட்டி எனலாம், தொழிலில் 'எட்ஜர்'. ஒரே தண்டில் இரண்டு மூன்று ரம்பங்கள், பலகையை உள்ளே இழுக்கும் உருளைகள். கை ரம்பத்தின் பக்கம் போக வேண்டியதில்லை என்பதால் பாதுகாப்பானது என்று தோன்றும்.

இதன் ஆபத்து வேறு வகை. ஓரத்திலிருந்து அறுந்து விழும் துண்டு பல சமயம் மெலிந்த ஈட்டி மாதிரி இருக்கும். உருளை பலகையைப் பிடித்திருக்கிறதே தவிர இந்தச் சிம்பை யாரும் பிடித்திருக்கவில்லை. ரம்பத்துக்கும் பலகைக்கும் நடுவே அது சிக்கினால், பலகையை ஊட்டிய வாய் வழியாகவே வெளியே பாயும். எடை குறைவு என்பதால் பல்லின் வேகத்தில் பெரும்பங்கு அதற்குக் கிடைத்துவிடும். மூன்று கிலோச் சட்டம் எலும்பை உடைக்கும் என்றால், கால்கிலோச் சிம்பு உடம்பைத் துளைத்துக்கொண்டு போகும்.

இதற்காக ஊட்டும் வாயில் வரிசையாக இரும்பு நகங்களைத் தொங்கவிடுவார்கள். பலகை உள்ளே போகும்போது நகம் தூக்கிக்கொடுக்கும். திரும்பி வந்தால் குத்தி நிறுத்தும். எட்ஜரில் பின்னுதைப்பைத் தடுக்கும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவின் மர ஆலைப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆனால் நகம் வளைந்தாலோ, பிசினும் தூளும் ஒட்டி மேலேயே நின்றுவிட்டாலோ, இரண்டு நகத்துக்கு நடுவே சிம்பு நுழைந்துவிடும். காலையில் மெஷினை ஓட்டும் முன் ஒவ்வொரு நகத்தையும் கையால் தூக்கிவிட்டு, தானாக விழுகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதைப் பார்த்த பிறகும் ஊட்டுபவர் வாய்க்கு நேரே நிற்கக் கூடாது. குனிந்து உள்ளே பார்க்கவே கூடாது.

பிளவுக் கத்தி

சர்க்குலரின் பின்னுதைப்புக்கு மருந்து வியக்கும்படி எளியது. ரம்பத்துக்குப் பின்னால், அதன் வளைவையே ஒட்டி, பிறை வடிவில் நிற்கும் இரும்புத் தகடு. அதற்குப் பிளவுக் கத்தி என்று பெயர் வைக்கலாம். கத்தி என்றாலும் அது எதையும் அறுப்பதில்லை. அறுபட்ட பிளவு மூடிக்கொள்ளாமல் ஆப்பாக நிற்பதும், பின்பற்களை மரம் தொடாமல் காப்பதும்தான் அதன் வேலை.

அதன் கனம் ரம்பத் தகட்டைவிடச் சற்றுக் கூடுதலாகவும், பல் வெட்டும் பிளவைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். மெலிந்திருந்தால் பிளவு மூடும். தடித்திருந்தால் மரம் நகராது. பல்லுக்கும் அதற்கும் இடையே மேசை மட்டத்தில் 8 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்பது பிரிட்டனின் வழிகாட்டி. ரம்பத்தைச் சாணை பிடித்துப் பிடித்து விட்டம் குறையும்போது இந்த இடைவெளி பெரிதாகும். கத்தியை முன்னால் நகர்த்தி வைக்க வேண்டும். இதை மறந்த மில்களில் கத்தி இருக்கும், காவல் இருக்காது.

கைடையும் நறுக்கிக்கொள்ளலாம். ரம்பத்தின் முன்பகுதி வரை மட்டும் கைடு இருந்தால், வெளிப்பக்கம் வளையும் சட்டம் முட்ட ஒன்றுமில்லை. தன்பாட்டில் வளைந்துவிட்டுப் போகும்.

இன்னொரு கருவி தள்ளுகோல்: நுனியில் வெட்டுப் போட்ட ஒரு குச்சி. பலகையின் கடைசி ஓரடியைக் கையால் தள்ளாமல் இதனால் தள்ள வேண்டும். முன்பு பார்த்த 20 செ.மீ. இடைவெளியைக் காக்க இதைவிட மலிவான கருவி இல்லை. மில்லின் கழிவுக் குவியலிலேயே ஆயிரம் கிடக்கும்.

பிறகு ஏன் இவை மெஷினில் இல்லாமல் மூலையில் தூள்படிந்து கிடக்கின்றன? முதலாளிக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் கூலி கன அடிக் கணக்கில் என்றால், ரம்பத்தின்மேல் கவிழும் காப்பு மூடியை ஒவ்வொரு பலகைக்கும் ஏற்றி இறக்கும் நேரம் தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. மூடி ரம்பத்தை மறைப்பதால் கோடு தெரியவில்லை என்பதும் உண்மைதான். வேலையைத் தாமதப்படுத்தும் காப்பு எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் மெஷினில் நிற்காது. பிளவுக் கத்தியின் அருமை அங்கேதான். ஒருமுறை சரியாகப் பூட்டினால் அது யாருடைய வேலையையும் தாமதப்படுத்துவதில்லை.

ஐந்து மில்லிவினாடி

மனிதன் 0.2 வினாடிக்குள் விழித்துக்கொள்ள மாட்டான் என்றால் மெஷின் விழித்துக்கொள்ளட்டுமே என்று யோசித்தவர் ஸ்டீவ் காஸ். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தவர். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, காப்புரிமை வழக்கறிஞராக இருந்தவர். 1999-இல் அவர் ரம்பத்தில் சிறிய மின் சமிக்ஞை ஒன்றை ஓடவிட்டார். உலர்ந்த மரம் பட்டால் அதில் மாற்றமில்லை. மனித உடல் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால், தோல் பட்டதும் சமிக்ஞை சரியும். சரிந்த உடனே ஒரு சுருள்வில் அலுமினியக் கட்டையை ரம்பப் பற்களுக்குள் அறைகிறது. சுமார் 5 மில்லிவினாடியில் ரம்பம் நின்றுவிடும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் கை அதற்குள் 5 மி.மீ. மட்டுமே நகர்ந்திருக்கும். கை துண்டாவதற்குப் பதில் ஒரு காயம். முதலில் சாசேஜ் துண்டை வைத்தும், பிறகு சொந்த விரலை நீட்டியும் அவர் சோதித்தார்.

பெரிய கருவி நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளாததால் அவரே சொந்தமாக ரம்பங்கள் தயாரிக்கத் தொடங்கினார். தச்சுப் பட்டறைக்கு அது பெரிய கொடை. நம் மர மில்லுக்கு அது அப்படியே பொருந்தாது. பச்சை மரத்தில் ஈரம் நிறைந்திருப்பதால் மரமே மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். விரல் படாமலே ரம்பம் நின்று, கட்டையும் பல்லும் வீணாகும். பின்னுதைப்பையும் அது தடுக்காது.

நிறுத்திய மெஷின் நிற்பதில்லை

நம் 24 அங்குல ரம்பம் ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ள எஃகுத் தட்டு. சுவிட்சை அணைத்தாலும் அது சேர்த்துவைத்த ஓட்டம் உடனே தீராது. மோட்டாரின் இரைச்சல் ஓய்ந்ததும் மெஷின் நின்றுவிட்டதாகக் காது நினைக்கிறது. பல்லோ இன்னும் சுற்றுகிறது. சிக்கிய சிம்பை எடுக்கக் கை போவது அந்த நேரத்தில்தான். பிரிட்டனில் ரம்பங்களுக்கு 10 வினாடிக்குள் நிறுத்தும் பிரேக் கேட்பது இதற்காகத்தான்.

இன்னொரு ஆபத்து, ஒருவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது வேறொருவர் தெரியாமல் சுவிட்சைப் போடுவது. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது இதற்கு வழி. சாவி அவரிடம்தான், மேஸ்திரியிடம் அல்ல.

விரல் போனால்

துண்டான விரலை நேராக ஐஸ்கட்டியில் போடாதீர்கள். திசு உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரலில் தசை மிகக் குறைவு என்பதால், குளிர்ச்சியாக வைத்தால் பல மணி நேரம் தாங்கும். கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு, சென்னை ஸ்டான்லி போல, கோவை கங்கா போல, முதலில் போன் செய்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

ஒட்ட முடியாமல் போனால் மிஞ்சுவது இழப்பீடு. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு விரலுக்கும் சம்பாதிக்கும் திறனில் எத்தனை பங்கு போனது என்று கணக்கு வைத்திருந்தது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். ஆட்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50.

யாரிடம் கேட்பது?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, ஓடும் மெஷினின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. ஆனால் மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலை. மாநில அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, நாலைந்து பேர் நிற்கும் மரமில் அந்தக் கணக்கில் வந்ததில்லை. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. தொழிற்சாலை ஆய்வாளரின் கண் எட்டாத மில்கள் இதனால் கூடுகின்றனவே தவிரக் குறையவில்லை.

ஆகவே மில்லைத் தேடிப் போவதைவிட மெஷின் விற்கும் இடத்தைப் பிடிப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். மில்கள் ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கின்றன. சர்க்குலர் தயாரிப்பவர்கள் அத்தனை பேர் இல்லை. 1948 சட்டத்திலேயே இதற்கு விதை உண்டு: 26-ஆவது பிரிவு, பல்சக்கரத்துக்கும் துருத்தி நிற்கும் திருகாணிக்கும் உறை போடாமல் மெஷினை விற்பவருக்கே தண்டனை வைத்தது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிளவுக் கத்தி அந்தப் பிரிவின் வாசகத்தில் இல்லை. ஐரோப்பா 1989-இல் கொண்டுவந்த மெஷின் சட்டம் இந்தப் பொறுப்பை முழுக்கத் தயாரிப்பாளர் தலையில் வைத்தது. காப்பு இல்லாத மெஷின் அங்கே கடைக்கே வர முடியாது. இங்கேயும் பிளவுக் கத்தியும் நிறுத்தும் பிரேக்கும் பூட்டாத சர்க்குலரை விற்கக் கூடாது என்று ஒரே ஒரு வரி சேர்த்தால், ஐந்து பேர் வேலை செய்யும் மில்லுக்கும் அது தானாகவே போய்ச் சேரும்.